ரொறன்ரோ நகர மையத்து மிஷனுக்குத் தொண்டு செய்யப் போகும் சபைக் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் முதன்முதல் போனது ஒரு டிசம்பர் சனிக்கிழமை. நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து 2 வான் வண்டி, 26 பேர், ஒரு கித்தார், 120 இடியப்பப் பார்சல். வீடில்லாதவர்களுக்கும் வறியவர்களுக்கும் சாப்பாடு போடும் தொண்டு நிலையம் அது; எந்த மிஷன் என்பது இங்கே தேவையில்லை. பிழை முழுவதும் எங்களுடையது. சமையலறைக்குப் பொறுப்பானவர் பார்சல்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வீட்டில் சமைத்த சாப்பாட்டை எடுக்க முடியாது என்று மிகவும் தன்மையாகச் சொன்னார். 7 பேருக்குத்தான் வேலை இருந்தது. மிச்ச 19 பேரும் சுவரோரமாக நின்று நத்தார் பாட்டுப் பாடினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். சிலர் தட்டைத் தூக்கிக்கொண்டு தூரத்து மேசைக்குப் போனார்கள். எங்கள் வாலிபன் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்க, வரிசையில் நின்ற ஒருவர் தொப்பியை இழுத்து முகத்தை மூடினார்.

திரும்பி வரும்போது வானுக்குள் ஓர் அம்மா, இலங்கையில் போர் முடிந்த 2009 இல் செட்டிகுளம் அகதி முகாமில் மாதக்கணக்கில் இருந்தவர், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "எங்களையும் இப்பிடித்தான் படம் எடுத்தவை. கையில சோத்துப் பார்சலோட."

கீழே வருவதெல்லாம் அந்த ஒரு பயணத்தின் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தியதில் வந்தவை. நிவாரண வரிசையில் நின்ற சனம் நாங்கள். கரண்டியின் இந்தப் பக்கம் வந்ததும் அது மறந்துபோகிறது. அந்த மறதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: அங்கே இருப்பவர்கள் யார் என்று அறிந்துகொள்ளுங்கள்

"குடிச்சுப்போட்டுத் திரியிற ஆக்கள்" என்ற கதையை வானில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். எங்கள் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் காட்டும் கணக்கு இது. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வேலையில்லாத தனியாளுக்குக் கிடைக்கும் சமூக உதவிப் பணம் மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கென்று கணக்கிட்டது 390. ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு நீங்கள் என்ன வாங்குகிறீர்கள், அல்லது என்ன கொடுக்கிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கணக்கு அங்கேயே உடைகிறது.

இது திடீரென்று வந்ததும் இல்லை. 1993 இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் போடுவதை நிறுத்தியது. 1995 இல் ஒன்ராறியோ அரசு உதவிப் பணத்தை 21.6 சதவீதம் வெட்டியது. அடுத்த வருடம் ஜனவரியில் ரொறன்ரோ வீதிகளில் ஆட்கள் குளிரில் விறைத்துச் செத்தார்கள். ஒருவர் பஸ் தரிப்பிடத்துக்குள். ஈட்டன் சென்ரர் கடைத்தொகுதிக்குப் பின்னால் இருக்கும் ஹோலி ட்ரினிற்றி தேவாலயத்தில், வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அங்கே கூடிப் புதிய பெயர்களை வாசிக்கிறார்கள். பலருக்குப் பெயர்கூட இல்லை, 'ஜோன் டோ' என்றுதான் எழுதியிருக்கும். குழுத் தலைவர் ஒருமுறையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அகதிகளும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். 2023 கோடையில் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் நகரசபையின் தங்குமிட உதவி நிலையமான பீட்டர் வீதி 129 ஆம் இலக்கக் கட்டடத்தின் முன்னால் நடைபாதையில் படுத்துக் கிடந்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கறுப்பினத்தவரின் சபைகள் சில தங்கள் கோயில் மண்டபங்களைத் திறந்து அவர்களைப் படுக்க வைத்தன. எங்கள் சபைகள் என்ன செய்தன என்று நான் கேட்கப்போவதில்லை.

பூர்வகுடி மக்கள் தங்கள் சனத்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு அதிகமாக இந்த வரிசையில் நிற்கிறார்கள். இது சபைக் குழுவுக்கு மிக முக்கியமான விஷயம். ஏன் என்பது படி 8 இல் வரும்.

படி 2: தொலைபேசியை எடுங்கள், பிறகு காது கொடுத்துக் கேளுங்கள்

நகர மையத்தில் கிறிஸ்தவ மிஷன்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃப்ரெட் விக்ரர் 1894 இல் தொடங்கியது, யங் ஸ்ட்ரீட் மிஷன் 1896 இல். ஸ்கொட் மிஷன் 1941 இலிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. 1987 இல் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரியும் பாடசாலை மாணவர்களும் தொடங்கிய 'அவுட் ஒஃப் த கோல்ட்' திட்டம், பிறகு பல தேவாலயங்களிலும் யூத ஆலயங்களிலும் குளிர்கால இரவுகளில் படுக்கையும் சாப்பாடும் கொடுத்தது. ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி. ஓரிடத்தில் சாப்பாடு மட்டும், ஓரிடத்தில் உடுப்பு வங்கி, ஓரிடத்தில் வீடு எடுத்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்திருக்கும். இன்று மதச் சார்பில்லாமல் இயங்குபவையும் இவற்றில் இருக்கின்றன.

தொண்டர்களுக்குப் பொறுப்பானவரை அழைத்து இப்படிக் கேளுங்கள்: "உங்களுக்கு ஆள் தட்டுப்பாடான நாள் எது? எத்தனை பேர் தேவை?" இந்த இரண்டு கேள்வியும் போதும். "நாங்கள் 30 பேர், நத்தாருக்கு வரலாமா?" என்று தொடங்கினால் அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். நன்றியறிதல் நாளுக்கும் நத்தாருக்கும் நகரத்தில் பாதிப்பேர் தொண்டு செய்ய வந்துவிடுகிறார்கள். பெப்ரவரியில் ஆள் இல்லை. ஜூலை, ஓகஸ்டில் எல்லாரும் கொட்டேஜுக்கு, அதாவது விடுமுறை வீட்டுக்கு, போய்விடுகிறார்கள். பசிக்கு அந்தக் கலண்டர் தெரியாது.

அதே அழைப்பில் வயதுக் கட்டுப்பாட்டைக் கேளுங்கள். சமையலறைக்குள் 14 அல்லது 16 வயதுக்குக் கீழே எடுக்காத இடங்கள் பல. திரும்பத் திரும்ப வருகிற பெரியவர்களுக்குப் பொலிஸ் பின்னணிச் சோதனை கேட்கலாம். அந்தத் தாள் வர நாளெடுக்கும். கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். உயர்தரப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பட்டம் பெற 40 மணி நேரச் சமூக சேவை வேண்டும் என்பதால் அந்தப் படிவத்தில் யார் ஒப்பமிடுவார் என்றும் கேட்டுவையுங்கள். பிள்ளை மணித்தியாலத்துக்காக வருவதில் எனக்குக் குறையில்லை. எங்கள் குழுவின் மிகச் சிறந்த பாத்திரம் கழுவி 40 மணிக்காக வந்தவன்தான். இப்போது அவனுக்கு 22 வயது.

படி 3: சின்னக் குழு

10 பேருக்கு மேல் கூட்டிப்போகாதீர்கள். மிஷன் 6 என்றால் 6. வரமுடியாதவர்களை அடுத்த மாதத்துக்குப் பதியுங்கள். முறைவைத்துப் போவதுதான் குழுவைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கும். யாரை விட்டுவிட்டுப் போவது? புத்தி சொல்லாமல் இருக்க முடியாதவர்களை. சபையின் மிக நல்ல மனிதர்களிலும் இந்த வகை உண்டு. அவர்களிடம் சொக்ஸ் சேகரிக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

படி 4: முதல்நாள் மாலை ஒரு மணி நேரம்

கோயில் மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி இவற்றைச் சொல்லுங்கள்.

கைப்பேசி சட்டைப்பைக்குள்ளேயே இருக்கும். கட்டடத்தின் வெளிப்புறத்தைக்கூடப் படம் எடுப்பதில்லை, வாசலில் ஆட்கள் நிற்பார்கள். முகநூலில் போடச் சபைக்குப் படம் வேண்டுமென்றால், கோயிலில் சாமான் அடுக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடிய சப்பாத்து, வழுக்காத அடி. நீளமான தலைமுடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி என்று நகைக்கடை மாதிரிப் போகாதீர்கள். திருடுவார்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. கை கழுவும்போது காப்புக்குள் சவர்க்காரம் நிற்கும், அதோடு 733 டொலரில் மாதம் ஓட்டுபவரின் கண்முன்னால் 8 பவுண் ஆடுவது அழகில்லை. வாசனைத் தைலமும் வேண்டாம். பெயர் அட்டையில் முதற்பெயர் மட்டும்.

மிஷன்காரர் பலர் சாப்பிட வருபவர்களை 'விருந்தினர்' என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். 'அவையள்', 'இந்த ஆக்கள்' என்று தமிழில் கதைத்தாலும் தொனி விளங்கும். தொனிக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

படி 5: என்ன கொண்டுபோவது

சொக்ஸ். புதியது, தடிப்பானது, கறுப்பு அல்லது சாம்பல் நிறம். நாள் முழுக்க நனைந்த சப்பாத்தோடு நடப்பவருக்குக் காலில்தான் முதலில் புண் வருகிறது. அடுத்தது ஆண்களின் உள்ளாடை, நடுத்தர அளவும் பெரிய அளவும். பெண்களுக்கான மாதவிடாய்ப் பொருட்களை யாரும் நினைப்பதில்லை. கையுறை, தொப்பி, சிறிய பற்பசை. வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினால் மதுசாரம் இல்லாததாகப் பாருங்கள். 5 டொலர் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடை அட்டை நல்லது; குளிருக்குள் ஒரு மணி நேரம் கதிரையில் இருக்கும் உரிமையை அது வாங்கித் தருகிறது.

பழம் என்றால் வாழைப்பழம். இதை ஒரு ஐயாவிடம்தான் படித்தேன். நாங்கள் பெட்டி பெட்டியாக அப்பிள் கொண்டுபோயிருந்தோம். அவர் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் கத்தியால் கடதாசித் தடிப்பில் சீவி, ஒவ்வொரு சீவலையும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டு, ஊறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் முன்பற்கள் இல்லை. பாதி அப்பிளைச் சாப்பிட 20 நிமிடம் எடுத்தது. கத்தி இரண்டு தரம் உடைந்தது. அவர் குறை சொல்லவில்லை, எங்களுக்குத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பழைய உடுப்பு மூட்டைகளைக் கேட்காமல் கொண்டுபோகாதீர்கள். கலியாணத்துக்குக் கட்டிய சேலை அங்கே யாருக்கும் உதவாது. எல்லாவற்றையும்விடக் காசோலை சிறந்தது. மொத்த விலையில் அவர்கள் வாங்கும் அரிசிக்கு முன்னால் எங்கள் கடைப் பை ஒன்றும் இல்லை.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி: பரிசோதனை செய்யப்பட்ட சமையலறையில் சமைக்காததைப் பெரும்பாலான மிஷன்கள் எடுக்கமாட்டா. எங்கள் சுவையைக் கொடுக்க ஆசையென்றால், அவர்களின் சமையலறையில் அவர்களின் சமையல்காரரோடு ஒரு நாள் கோழிக்கறியும் சோறும் சமைக்க அனுமதி கேளுங்கள். மிளகாய்த்தூளைக் கால்வாசியாகக் குறையுங்கள். பலருக்கு வயிற்றுப் புண் இருக்கும்.

படி 6: போவது

நகரப் பொதுப் போக்குவரத்தான ரீரீசியில் போங்கள். கென்னடியிலிருந்து சுரங்க ரயிலின் இரண்டாம் பாதை, புளூர்-யங்கில் முதலாம் பாதை, அங்கிருந்து ஸ்ரீட்கார். நகர மையத்தில் வானுக்கு இடம் தேடி அரை மணி நேரம் சுற்றிப் பிந்திப்போன கதை எல்லாக் குழுக்களிடமும் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் வாசலில் நில்லுங்கள். தமிழ் நேரம் அங்கே செல்லாது.

படி 7: சமையலறையில்

கை கழுவுவதில் தொடங்குங்கள். சூடான சாப்பாடு 60 பாகைக்கு மேல், குளிரானது 4 பாகைக்குக் கீழ் இருக்க வேண்டும். கோழித்துண்டின் நடுவில் வெப்பமானி 74 காட்ட வேண்டும். "எங்கட வீட்டில இப்பிடிப் பாக்கிறேல்லை" என்று சொல்லாதீர்கள். உடல் ஏற்கெனவே நொந்துபோனவருக்கு ஒரு வயிற்றோட்டம் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். வீதியில் இருப்பவருக்குக் கழிப்பறையும் இல்லை.

எல்லாருக்கும் ஒரே அளவு. பாவப்பட்டு ஒருவருக்கு இரண்டு துண்டு இறைச்சி போட்டால், பின்னால் நிற்பவர் பார்த்துவிடுவார். சண்டை அங்கே தொடங்கும். இரண்டாம் தரம் போடுவது எல்லாரும் எடுத்த பிறகு. பாத்திரம் கழுவுவதைத் தண்டனையாக நினைக்காமல் அனுபவசாலி ஒருவரை அங்கே விடுங்கள். அது பிந்தினால் தட்டு இல்லை, தட்டு இல்லையென்றால் வரிசை நிற்கும்.

படி 8: பரிமாறுவதும் கதைப்பதும்

கண்ணைப் பாருங்கள். "உருளைக்கிழங்கு வேணுமா? குழம்பு மேலேயா பக்கத்திலா?" என்று தெரிவு கொடுத்துக் கேளுங்கள். நாள் முழுக்க மற்றவர் சொல்லும் இடத்தில் நின்று, மற்றவர் தருவதை எடுப்பவருக்குக் குழம்பு எங்கே ஊற்றுவது என்பதையாவது தானே சொல்லக் கிடைக்கட்டும்.

கதைக்க விஷயம் தேடினால் காலநிலை இருக்கிறது, ஹொக்கி இருக்கிறது. நகரத்து ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் 1967 க்குப் பிறகு கிண்ணம் தூக்கவில்லை. அதைத் திட்டாத ஆள் இந்த நகரத்தில் இல்லை. எங்களுக்குப் பழக்கமான கேள்விகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்: என்ன வயசு, கலியாணம் முடிச்சதா, பிள்ளைகள் எங்கே, ஏன் வேலைக்குப் போறேல்லை.

இன்னொரு கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை போனபோது என்று நினைக்கிறேன். வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், எங்கள் முகவெட்டு. எனக்குப் பக்கத்தில் நின்ற மாமி முகம் மலர்ந்து, "தம்பி தமிழோ? ஊரில எவடம்?" என்று கேட்டுவிட்டார். அவர் தட்டை மேசையில் வைத்தார். "நோ, நோ" என்று தலையை ஆட்டினார். சோற்றைத் தொடாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார். வெளியே மறை 14 பாகை.

மாமி அன்பாகத்தான் கேட்டார். எங்கள் சனத்துக்கு ஊர்க் கேள்வி என்பது உறவு தேடும் கேள்வி. ஊரைச் சொன்னால் ஒழுங்கை, ஒழுங்கையைச் சொன்னால் ஆரின்ர மகன். இரண்டு தொலைபேசி அழைப்பில் அவர் இந்த வரிசையில் நின்ற செய்தி ஊரில் இருக்கும் தாய்க்குப் போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரக் குழு ஒன்று கரண்டி பிடித்திருந்தால் அன்று அவர் சாப்பிட்டிருப்பார்.

ஆகவே எங்கள் குழுவில் இப்போது ஒரு சட்டம். தமிழர் போலத் தெரிந்தாலும் மற்றவருக்குச் சொல்லும் அதே "ஹாய்" தான். அவராகத் தமிழில் தொடங்கினால் தமிழ். உங்களுக்கு நேரே தெரிந்த ஆள் வந்தால், கரண்டியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் பக்கம் போய்விடுங்கள், அவர் சாப்பிட்டு முடியும்வரை. பிறகு அதை வீட்டில் மனைவிக்கும் சொல்லக்கூடாது. இது கடினம். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது, அதற்குமேல் இங்கே எழுத முடியாது.

செபத்தைப் பற்றி. சில மிஷன்களில் சாப்பாட்டுக்கு முன் சிறு ஆராதனை உண்டு, பலவற்றில் இல்லை. மிஷனின் முறைதான் உங்கள் முறை. துண்டுப் பிரசுரம் கொண்டுபோகாதீர்கள். பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பெரும்பாலும் தேவாலயங்கள்தான் நடத்தின. கடைசிப் பாடசாலை மூடியது 1990 களில். அதற்குள் வளர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உங்கள் முன்னால் தட்டோடு நிற்கலாம். உங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்து ஒருவர் கடுமையாக ஏதாவது சொன்னால் வாதாட வேண்டாம், சோற்றைப் போடுங்கள். "எனக்காகச் செபிப்பீர்களா?" என்று ஒருவர் தானாகக் கேட்டால் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் செபியுங்கள். அப்படிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், நினைப்பதைவிட அதிகமாகவே.

படி 9: சிக்கல் வந்தால்

குரல் உயர்ந்தால் இரண்டடி பின்னால் போய் ஊழியரைக் கூப்பிடுங்கள். நடுவில் புகுந்து சமாதானம் செய்யும் எங்கள் வழக்கத்தை அங்கே காட்டக்கூடாது.

மேசையில் தலை வைத்துக் கிடப்பவரைத் தோளில் தட்டி எழுப்பாதீர்கள். வீதியில் படுப்பவர் தொட்டவுடன் கையை வீசி எழும்புவார். எட்டி நின்று கூப்பிடுங்கள். சத்தத்துக்கு அசைவில்லை, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது, மூச்சில் குறட்டைபோல ஒரு கரகரப்பு என்றால் அது போதைமருந்து அளவு மீறியதாக இருக்கலாம். ஊழியரைக் கத்திக் கூப்பிடுங்கள், 911 ஐ அழையுங்கள். அப்படியான வேளையில் போதையை முறிக்க மூக்குக்குள் அடிக்கும் நலொக்சோன் மருந்தை ஒன்ராறியோ மருந்துக் கடைகளில் இலவசமாகத் தருகிறார்கள். எப்படிப் பாவிப்பது என்றும் 5 நிமிடத்தில் காட்டுவார்கள். குழுவில் இருவராவது வாங்கிப் பழகியிருக்க வேண்டும். அழைத்தவரையும் அருகில் நின்றவரையும் போதைமருந்து வைத்திருந்ததற்காகக் குற்றம் சாட்டாதபடி 2017 இல் ஒரு சட்டம் வந்தது. வீதியில் பலர் இன்னும் பொலிசுக்குப் பயந்து அழைக்கத் தயங்குகிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கையில் காசு கொடுப்பது, தொலைபேசி இலக்கம் கொடுப்பது, "என்ர கடையில வேலை தாறன்" என்று வாக்குக் கொடுப்பது, காரில் ஏற்றுவது எதுவும் வேண்டாம். உதவி கேட்பவரை ஊழியரிடம் கூட்டிப்போங்கள். வெளியே யாராவது கேட்டால், சமூக உதவிகள் பற்றித் தகவல் தரும் தொலைபேசி இலக்கம் 211 ஐச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலும் கதைக்கலாம்.

படி 10: வேலை முடிந்த பிறகு

நிலம் துடைத்து, கதிரை அடுக்கி, ஏப்பிரனைச் சொன்ன கூடையில் போட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ஸ்ரீட்காருக்கு நிற்கும்போதோ ஒரு கோப்பிக் கடையிலோ 20 நிமிடம் எல்லாரையும் கதைக்க விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மனதில் ஏதாவது கிடக்கும். ஒரு பிள்ளை, "அந்த அண்ணா என்ர கணக்கு ரீச்சர் மாதிரியே கதைச்சார்" என்று அழுதாள். அதற்குப் பதில் தேடாமல் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் யாருடைய கதையையும் சொல்லக்கூடாது, பெயரை மாற்றியும் கூடாது. எத்தனை பேர் போனோம், என்ன வேலை செய்தோம், அடுத்து எப்போது, என்ன சாமான் தேவை: அறிவித்தல் இவ்வளவுதான்.

அதே கிழமைக்குள் மிஷனைத் திரும்ப அழைத்து, நாங்கள் எதில் இடைஞ்சலாக இருந்தோம் என்று கேளுங்கள். முதல்முறை நான் கேட்டபோது பதில் உடனே வந்தது: "கித்தார்." அடுத்த திகதியை அதே அழைப்பில் பதிந்துகொண்டோம். பெப்ரவரி மூன்றாம் சனிக்கிழமை, 6 பேர், உருளைக்கிழங்கு சீவ.